மரக்காலில் அளக்காத களைப்பு

தஞ்சை மண்ணில் அளவைகளுக்குக் குறைவே இருந்ததில்லை. நெல்லுக்குப் படி, மரக்கால், கலம். நிலத்துக்குக் குழி, மா, வேலி. அந்நிலத்தில் குனிந்து நாற்று நட்டவளின் களைப்புக்குத்தான் அளவை இல்லை. அவள் வாய்விட்டுச் சொன்னால் அது சோம்பல். சொல்லாவிட்டால் நம் கதைகளில் 'அயராத உழைப்பு'. இரண்டுமே அவளுடைய உடம்பை அறியாத பேச்சு என்பது என் எண்ணம்.

களைப்புக்கு ஒரு வேதியியல் உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து 1927இல் தசையில் பாஸ்ஃபோகிரியேட்டின் என்ற பொருளைக் கண்டறிந்தார். தசை சுருங்கும்போது செலவாகும் ஏ.டி.பி.யை உடனுக்குடன் ஈடுசெய்யும் கையிருப்பு அது. வீட்டுக் குதிரில் கிடக்கும் நெல்லைப் போல. அன்று அதை அளக்கத் தசையையே வெட்டியெடுக்க வேண்டியிருந்தது.

காந்த ஒத்ததிர்வு நிறமாலையியல் அத்தேவையை நீக்கியது. வலிய காந்தப்புலத்தில் பாஸ்பரஸ் அணுக்கருக்கள், தாம் இருக்கும் மூலக்கூறுக்கேற்பச் சற்றே வேறுபட்ட அதிர்வெண்களில் குரல் கொடுக்கின்றன. காந்தத்துக்குள் படுத்தபடி ஒருவர் காலால் மிதியை அழுத்தினால், பாஸ்ஃபோகிரியேட்டினின் முகடு தாழ்வதையும் கனிம பாஸ்ஃபேட்டின் முகடு உயர்வதையும் ஊசி குத்தாமலே காணலாம். பின்னது இடம் நகர்வதைக் கொண்டு தசையின் அமிலத்தன்மையை அறியலாம். ஓய்வின்போது கையிருப்பு மீண்டும் நிரம்ப ஆகும் நேரம், மைட்டோகாண்ட்ரியாக்களின் திறனைக் காட்டுகிறது.

1981இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் மெக்ஆர்டில் நோய் உள்ளவர் என்று ஐயுற்ற ஒருவரை இவ்வாறு சோதித்தனர். அந்நோயில் தசையால் தன் கிளைக்கோஜன் சேமிப்பை உடைத்துப் பயன்படுத்த இயலாது. எதிர்பார்த்தபடியே, உழைத்த பின்னும் அவருடைய தசை அமிலமாகவில்லை. 'முடியவில்லை' என்ற சொல்லுக்குக் காந்தம் சாட்சி சொன்னது.

வயலுக்குக் காந்தத்தைக் கொண்டுபோக முடியாதுதான். மிதியை அழுத்தும் கெண்டைக்காலும், சேற்றில் பொழுதெல்லாம் குனிந்த இடுப்பும் ஒன்றல்ல என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் ஆளுக்கு ஆள் கையிருப்பு நிரம்பும் வேகம் வேறுபடும் என்பதை அறிந்த பிறகு, "அவளால் முடிகிறதே, உனக்கென்ன?" என்று வரப்பில் நின்று கேட்பது பொருளற்றதாகிறது.

கூலிநெல்லின் அளவு இங்கே சிறிய வழக்கன்று. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டதன் பின்னணியில் அந்த வழக்கு இருந்தது. டெல்டாவைப் பற்றி எழுதுவோர் காவிரியையும் சங்கீதத்தையும் எழுதட்டும். உழைப்பைப் போற்றுமுன், உழைத்தவள் "இடுப்பு விட்டுப்போச்சு" என்று சொல்லும்போது, கருவியின் சாட்சிக்குக் காத்திராமல் நம்பவும் வேண்டும்.