பாதி ஆட்டத்தில் எழுந்து போவது

டோட்டா 2 என்ற இணைய விளையாட்டில் அணிக்கு ஐந்து பேர். ஒரு ஆட்டம் பெரும்பாலும் அரை மணி நேரத்தைத் தாண்டும். இழுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் போவதும் உண்டு. இருபதாவது நிமிடத்தில் ஒரு அணிக்கு மூன்று கோபுரங்கள் விழுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். நடுப்பாதையில் ஆடியவர் அடுத்தடுத்து மூன்று முறை செத்ததும் சாட்டில் ஒரு வசவைத் தட்டிவிட்டு இணைப்பைத் துண்டிக்கிறார். அவர் திரும்பி வர ஐந்து நிமிடக் கெடு ஓடத் தொடங்குகிறது. மீதி நால்வர் ஆட்டத்தை நிறுத்திவைக்கிறார்கள். எதிரணி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு மறுபடி ஓடவிடுகிறது. கெடு முடிந்ததும், இனி யார் வேண்டுமானாலும் தண்டனையில்லாமல் போகலாம் என்ற செய்தி திரையில் வருகிறது. ஒருவர் போகிறார், அவர் பின்னால் இன்னொருவர். மிஞ்சிய இருவர் ஐவரை எதிர்த்து நிற்கிறார்கள்.

இதில் ஜெயித்த அணிக்கும் பெரிய மகிழ்ச்சி இல்லை. அவர்கள் ஆட வந்தது ஐந்து பேரோடு. ஒருவருடைய கோபத்துக்கு ஒன்பது பேருடைய மாலைப் பொழுது பலியாகிறது. பெயர் தெரியாதவர்கள், முகம் பார்க்காதவர்கள் என்பதால் அந்த நஷ்டம் நஷ்டமாகவே யாருக்கும் படுவதில்லை.

ஆட்டத்தைப் பாதியில் விடுவதே தப்பு என்பது என் வாதம் அல்ல. விடுகிறவர் யாருடைய நேரத்தையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார் என்பதுதான் கேள்வி. ஒருவருக்கு ஒருவர் ஆடும் ஆட்டத்தில் தோல்வி தெரிந்ததும் விலகுவது மரியாதைக் குறைவே இல்லை. 1998-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் தென்கொரியாவின் கணினி மையங்களில் ஒரு தலைமுறையையே வளர்த்தது. அதில் தோற்கப்போகிறவர் 'ஜிஜி' என்று தட்டிவிட்டு வெளியேறுவார். நல்ல ஆட்டம், ஒத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். கடைசிக் கட்டடம் இடியும் வரை எதிராளியை அலையவிடுவதுதான் அங்கே அநாகரிகம். சதுரங்கத்திலும் அப்படியே. தோற்றதை ஒத்துக்கொள்ளாமல், காயையும் நகர்த்தாமல், கடிகாரம் தீரும் வரை எதிராளியைக் காக்கவைக்கிறவர்கள்மேல்தான் இணையச் சதுரங்கத் தளங்கள் நடவடிக்கை எடுக்கின்றன.

தனி ஆட்டத்தில் அவசரப்பட்டு எழுந்தால் நஷ்டம் எழுந்தவருக்கு. 2011-இல் அமெரிக்காவின் கொலம்பஸில் நடந்த ஸ்டார்கிராஃப்ட் 2 போட்டியில், நல்ல நிலையில் இருந்த கிரெக் ஃபீல்ட்ஸ், எதிராளி கிறிஸ் லோரஞ்சர் உருவாக்கிய மாயப் படையை உண்மைப் படை என்று நம்பி ஆட்டத்தை விட்டுப்போனார். அவர் பறிகொடுத்தது தன் ஆட்டத்தைத்தான், அடுத்தவர் ஆட்டத்தை அல்ல.

தனி ஆட்டம் ஒரு தொடரின் பகுதியாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். 2022 செப்டம்பரில் இணையவழி நடந்த ஜூலியஸ் பேர் ஜெனரேஷன் கோப்பைச் சதுரங்கத் தொடரில் அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன், ஹான்ஸ் நீமனுக்கு எதிராக ஒரே ஒரு நகர்த்தலோடு தோல்வியை ஏற்று கேமராவை அணைத்தார். சில நாள்களுக்கு முன்புதான் நீமனிடம் தோற்று, செயின்ட் லூயிஸ் போட்டியிலிருந்து பாதியில் விலகியிருந்தார். நீமன் ஏமாற்றி ஆடுகிறார் என்று தனக்கிருந்த சந்தேகத்தைப் பிற்பாடு வெளிப்படையாகவே சொன்னார். சந்தேகம் சரியோ தவறோ, அன்றைக்கு நீமனுக்கு ஆடாமலே முழு வெற்றி கிடைத்தது. அதே தொடரில் பிரக்ஞானந்தாவும் அர்ஜுன் எரிகைசியும் ஒவ்வொரு புள்ளிக்கும் மூளையைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். சந்தேகம் இருந்தால் நடுவரிடம் சொல்லலாம், தொடருக்கே வரமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லலாம். பொதுப் பட்டியலில் ஒருவருக்கு மட்டும் இலவசமாகப் புள்ளி கொடுக்கும் உரிமை உலக சாம்பியனுக்கும் கிடையாது என்பது என் கருத்து.

அணி ஆட்டத்துக்கு வந்தால், விலகுவது பொது முடிவாகத்தான் இருக்க வேண்டும். லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் இதற்கு ஓரளவு நியாயமான வழி இருக்கிறது. தொடக்கத்திலேயே ஒருவர் வராமல் போனால் ஓட்டெடுத்து ஆட்டத்தை ரத்து செய்யலாம். 20-வது நிமிடத்துக்குப் பிறகு ஐவரில் நால்வர் சம்மதித்தால் சரணடையலாம். டோட்டா 2-இன் வால்வ் நிறுவனமோ முன்பின் தெரியாத ஐவர் சேர்ந்த அணிக்கு அப்படி ஒரு பொத்தானையே வைக்கவில்லை. கடைசிக் கட்டடம் நிற்கும் வரை ஆட்டம் உயிரோடு இருக்கிறது என்பது அதன் ரசிகர்கள் சொல்லும் காரணம். 2018 ஆகஸ்டில் வான்கூவரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியின் இறுதிச் சுற்றை அவர்கள் சாட்சிக்கு அழைப்பார்கள். ஐந்து ஆட்டத் தொடரில் 2–1 என்று பின்தங்கி, நான்காவது ஆட்டத்திலும் தோற்கும் நிலையில் இருந்த ஓஜி அணி, அந்த ஆட்டத்தைத் திருப்பி, ஐந்தாவதையும் வென்று, பிஎஸ்ஜி எல்ஜிடியிடமிருந்து கோப்பையைப் பறித்தது. சில மாதங்களுக்கு முன் இரண்டு முக்கிய வீரர்களை இழந்து, திறந்த தகுதிச் சுற்று வழியாக உள்ளே வந்த அணி அது.

அந்த நான்காவது ஆட்டம் எனக்கும் பிடிக்கும். ஆனால் ஓஜியின் ஐவர் ஒரே கனவுக்காக ஒன்றாகப் பயிற்சி செய்தவர்கள். செவ்வாய்க்கிழமை இரவு பதினோரு மணிக்குத் தற்செயலாகச் சேர்ந்த ஐந்து பேருக்கு அந்தப் பிணைப்பும் இல்லை, மறுநாள் விடுமுறையும் இல்லை. நால்வர் போதும் என்று சொன்னால் ஐந்தாமவர் மனம் ஆறாவிட்டாலும் ஒத்துக்கொள்வதுதான் முறை. இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம்: போகலாம் என்று கேட்டு, ஓட்டில் தோற்றவர் அங்கேயே நின்று மனதோடு ஆட வேண்டும். அந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெளியேறினால் தண்டனை என்பதால் வெளியேறுவதில்லை. தளத்திலேயே நிற்பார்கள், அல்லது வேண்டுமென்றே எதிரியிடம் ஓடிப்போய்ச் சாவார்கள். ஓடிப்போகிறவரைவிட இவர்களே மோசம். ஓடிப்போனால் மற்றவர்களும் விடுபட ஒரு வழி திறக்கும். இவர்கள் உடம்பை வைத்துக் கதவை அடைத்துவிடுகிறார்கள்.

ஜெயிக்கிறவருக்கும் கடமை உண்டு. எதிரணியின் தளம் வரை வந்துவிட்டு, ஒரே அடியில் முடிக்கக்கூடிய கட்டடத்தை முடிக்காமல், உயிர்த்து வருகிறவர்களை வரிசையாகக் கொன்றுகொண்டு நிற்கும் பழக்கம் டோட்டாவில் பழசு. முடிக்க முடிகிறபோது முடித்துவிட வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் ஆடுவது கைப்பேசியில். பிஜிஎம்ஐ போன்ற ஆட்டங்களில் நால்வர் ஒரு ஸ்குவாட். ஒருவர் குண்டடிபட்டு 'நாக்' ஆகித் தவழ்கிறார். கூட்டாளி ஸ்மோக் வீசிக்கொண்டு, திறந்த வெளியில் உயிரைப் பணயம் வைத்து அவரை எழுப்ப ஓடி வருகிறார். வந்து சேர்வதற்குள் விழுந்தவர் பொறுமை இழந்து லாபிக்குப் போய்விட்டால், அங்கே ஒரு க்ரேட் மட்டும் கிடக்கும். ஓடி வந்தவரையும் அடுத்த நொடி சுட்டுவிடுவார்கள். முழுதாகச் செத்து, திரும்ப அழைக்கும் வாய்ப்பும் தீர்ந்த பிறகு போனால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காப்பாற்ற ஒருவர் ஓடி வந்துகொண்டிருக்கும்போது போவதுதான் துரோகம். 'வராதே, நான் கிளம்புறேன்' என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடப் போதும்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு விலக்கை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மைக்கில் பெண் குரல் கேட்டதும் ஆட்டத்தை மறந்து ஆபாசம் பேசுகிறவர்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள். சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறவர்களும் உண்டு. அப்படி ஒரு அணியில் மாட்டிக்கொண்ட பெண், குரலை மியூட் செய்துவிட்டு, ரிப்போர்ட் பொத்தானை அழுத்திவிட்டு, இருபது நிமிடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட வேண்டும் என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை. அவர் அந்த நொடியே போகலாம். அவர் விலகியதால் அணி தோற்றால் அந்தத் தோல்வி அவரை விரட்டியவர்கள் கணக்கில்தான் சேர வேண்டும். ஆனால் தானியங்கி ஏற்பாட்டுக்கு இணைப்பு அறுந்தது மட்டும்தான் உடனே தெரிகிறது. வசவு பேசியவர் தண்டனை பெறுவாரா என்பது புகாரை எப்போது, எப்படிப் பரிசீலிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. புகார் உறுதியானால் விலகியவரின் தண்டனை தானாகவே நீங்கும்படி நிறுவனங்கள் செய்ய வேண்டும். பேச்சைப் பதிவுசெய்து ஆராயும் வசதியை வேலரண்டை நடத்தும் ரயட் போன்ற நிறுவனங்கள் கொண்டுவந்திருக்கும்போது, இது முடியாத காரியம் அல்ல.

தண்டனைக்குக் கண் இல்லை என்பதற்கு மின்வெட்டும் உதாரணம். கவுண்டர் ஸ்ட்ரைக்கில் ஆட்டத்தைக் கைவிட்டால் முதலில் 30 நிமிடம் தடை. திரும்பத் திரும்பச் செய்தால் 2 மணி நேரம், 24 மணி நேரம், 7 நாள் என்று கூடிக்கொண்டே போகும். டோட்டாவில் தனி வரிசைக்குத் தள்ளி, அங்கே குறித்த எண்ணிக்கையில் ஜெயித்தால்தான் வெளியே விடுவார்கள். கோபத்தில் பிடுங்கிய ஒயரும் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துப் போன கரண்ட்டும் சர்வருக்கு ஒன்றுதான். அதை மாற்றவும் முடியாது. மாற்றினால் எல்லோருக்கும் தினமும் கரண்ட் போகும். முதல் தடை சிறியதாக இருப்பது இதனால்தான். அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் இருப்பவர் ரேங்க் ஆட்டத்தைத் தவிர்த்துச் சாதாரண ஆட்டத்தில் சேர்வது மற்றவர்களுக்குச் செய்யும் உபகாரம்.

ஆடத் தெரியாத பெற்றோருக்கும் இதில் பங்கு உண்டு. சாப்பிடக் கூப்பிட்டால் பிள்ளை எழுந்து வராததைப் பிடிவாதம் என்றே பல வீடுகளில் எடுத்துக்கொள்கிறார்கள். வை-ஃபையை அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. நேரலை ஆட்டத்தை நினைத்த நேரத்தில் நிறுத்திவைக்க முடியாது. மறுமுனையில் இன்னொரு வீட்டுப் பிள்ளை காத்திருக்கிறது. 'இது முடிய எவ்வளவு நேரம்?' என்று கேட்டுவிட்டு, அந்த ஒரு ஆட்டத்தோடு நிறுத்தச் சொன்னால் பெரும்பாலும் நடக்கும். பிள்ளைகள் தரப்பிலும் ஒன்று இருக்கிறது. எட்டரை மணிக்குச் சாப்பாடு என்று தெரிந்துகொண்டே எட்டேகாலுக்கு நாற்பது நிமிட ஆட்டத்துக்கு ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவது, அம்மாவையும் நான்கு அந்நியர்களையும் ஒரே நேரத்தில் ஏமாற்றுவது. கால்மணி நேரம்தான் கையில் இருக்கிறதென்றால் ஒருவருக்கு ஒருவர் ஆடும் ஆட்டம் ஏராளமாக இருக்கிறது. அதில் எப்போது வேண்டுமானாலும் ஜிஜி சொல்லிவிட்டுச் சாப்பிடப் போகலாம்.