வெளிப்படை உண்மையா, வெறும் எடுகோளா?

எம்பிலிப்பிட்டியவில் உறவினர் வீடொன்றில் அண்மையில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. ஒன்பதாம் தரத்தில் படிக்கும் அவ்வீட்டுச் சிறுமி கணித நூலோடு வந்து நின்றாள்.

"பெரியப்பா, சமமானதோட சமமானதைக் கூட்டினா வாறதும் சமம்னு போட்டிருக்கு. இது வெளிப்படை உண்மையாம், நிறுவத் தேவையில்லையாம். நிறுவாததை எப்படி உண்மைன்னு சொல்றது?"

கலைப் பட்டதாரியான எனக்கு உடனே விடை வரவில்லை. பின்னர் யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

'வெளிப்படை உண்மை' என்ற பெயரிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது. கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தமது நூலைத் தொடங்கியபோது, எல்லா அளவுகளுக்கும் பொருந்தும் பொதுக் கருத்துகளை ஒருபுறமும், கேத்திரகணிதத்துக்கே உரிய ஐந்து எடுகோள்களை மறுபுறமும் வைத்தார். எடுகோளுக்கு அவர் வழங்கிய கிரேக்கச் சொல்லின் பொருள் 'வேண்டுகோள்' என்பதாகும். "இதை ஒப்புக்கொள்ளுங்கள், மற்றதை நான் நிறுவிக் காட்டுகிறேன்" என்பதே அதன் தொனி.

அந்த ஐந்தில் கடைசி வேண்டுகோள்தான் அறிஞர்களை உறுத்தியது. ஒரு நேர்கோட்டுக்கு வெளியேயுள்ள புள்ளியூடாக அதற்குச் சமாந்தரமாக ஒரேயொரு கோடுதான் வரையலாம் என்பது அதன் எளிய வடிவம். ஏனைய நான்கிலிருந்து இதை நிறுவிவிட இரண்டாயிரம் ஆண்டுகள் முயன்று தோற்றார்கள். 1829இல் லொபச்செவ்ஸ்கியும் 1832இல் பொல்யாயும், ஒன்றுக்கு மேற்பட்ட சமாந்தரக் கோடுகள் உண்டென்று எடுத்துக்கொண்டு புதியதொரு கேத்திரகணிதத்தையே வெளியிட்டார்கள். யூக்கிளிட்டின் கணிதம் முரணற்றதென்றால் இதுவும் முரணற்றதே என்று 1868இல் பெல்த்ராமி காட்டினார்.

அப்படியானால் எது உண்மை? வளவை நீர் பாயும் வயலில் நூல் பிடித்து வரம்பு கட்டுபவருக்கு யூக்கிளிட் போதும். ஆனால் பூமியின் மேற்பரப்பில் பக்கமொன்று 50 கிலோமீற்றராக முக்கோணம் வரைந்தால், கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையைவிட ஏறத்தாழ ஐந்தரை விகலை கூடிவிடும். 1802இல் சென்னையில் லாம்ப்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய மாபெரும் நில அளவையில், இந்த மிகையைக் கழித்தே கணக்கிட்டார்கள். 1915இல் ஐன்ஸ்டைனோ, வெளியே வளைந்திருக்கிறது என்றார்.

ஆகவே எடுகோள், தன்னளவில் உண்மையுமன்று, பொய்யுமன்று. அது ஓர் உடன்பாடு. தனக்குள் முரண்படாதிருப்பது மட்டுமே கணிதம் அதனிடம் கேட்பது. அதை மண்ணில் கொண்டுவந்து வைக்கும்போதுதான் உண்மையா என்ற கேள்வி பிறக்கிறது. அதற்கு விடை சொல்வது அளவுகோல்.

பத்திரிகைக்காரனான என் கவலை இனித்தான் தொடங்குகிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்பது அதன் எடுகோள். அதிலிருந்து இறங்கிய படிகளில் தர்க்கப் பிழை எதுவுமில்லை. ஆயினும் இறப்பர்ப் பால் வெட்டியும் கொழுந்து பறித்தும் இந்தச் சப்ரகமுவ மலைகளில் வாழ்ந்தவர்கள் உட்பட, இலட்சக்கணக்கான தோட்ட மக்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. எஞ்சியிருந்த கணக்கைத் தீர்க்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

படிகள் சரியாக இருந்தன. பிழை தொடக்கத்தில் இருந்தது. ஆனால் அந்தத் தொடக்கத்தையே, நிறுவத் தேவையற்ற வெளிப்படை உண்மையாக அன்று பலர் ஏற்றுக்கொண்டார்கள்.

கணித எடுகோளை மாற்றினால் இன்னொரு கணிதம் கிடைக்கும், எவருக்கும் நட்டமில்லை. சட்டத்தின் எடுகோளில் மனிதர் நிற்கிறார்கள். ஆதலால் அங்கே உடன்பாடு யாருடையது என்று கேட்டே ஆகவேண்டும்.

புறப்படும்போது சிறுமியிடம் சொன்னேன்: "பரீட்சையில் புத்தகத்தில் உள்ளபடியே எழுது. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் கைவிட்டுவிடாதே, மகள்."