இலவசப் பிரதி

கோடைக்கானல் ஏரிக்கரையில் சென்ற வாரம் ஒரு பழைய சிநேகிதரைச் சந்தித்தேன். தோளில் ஒரு பை. பை நிறையப் புஸ்தகங்கள். பழனி மலைக் குறிஞ்சியைப் பற்றித் தாமே எழுதி, தம் கைப்பொருளைக் கொண்டே பிரசுரித்தவை. 2006-இல் அம்மலர் பூத்தபோது எழுதத் தொடங்கியவர், 2018-இல் அது மறுபடி பூத்ததைக் கண்ட பிறகே முடிக்கத் துணிந்தாராம்.

"எனக்கு ஒரு பிரதி உண்டல்லவா?" என்று உரிமையோடு கை நீட்டினேன்.

"உண்டு, ஸார். விலை 200 ரூபாய்" என்றார், கூசிக்கொண்டே.

கூச வேண்டியவர் அவரா, நானா?

1920-இல் பாரதியார் தம் எழுத்துக்களை 40 புஸ்தகங்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட உத்தேசித்தார். அன்பர்களிடம் அவர் கேட்டது நன்கொடையன்று. தலைக்கு 100 ரூபாய் கடன்தான். திட்டம் நிறைவேறவில்லை. 1921-இல் அவர் மறைந்தார். பிற்பாடு நாம் சிலை வைத்தோம், விழாவும் எடுத்தோம்.

நேயர்களே! எழுதியவர் தம் நூலைத் தாமே சுமந்து விற்பது இழிவன்று. தெரிந்தவராயிற்றே என்று அதை நாம் இலவசமாகக் கேட்பதே இழிவு.

படகுச் சவாரிக்கென வைத்திருந்த பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அதனால் நஷ்டமில்லை, 1863-இல் அமைத்த ஏரி எங்கும் ஓடிவிடாது.