தொட்டா தீட்டு, தேய்ச்சா தெரபி

தீண்டாமையைப் பற்றிப் பேசுகிற முக்கால்வாசிப் பேர் 'நம்மைத் தொடமாட்டான்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சரி, நம்மைத் தொடமாட்டான். நாம் அவனைத் தொட்டதே இல்லையா? நாத்து நட்டு, கதிர் அறுத்து, நெல்லைத் தூத்தி மூட்டை கட்டினது யார் கை? அந்த நெல்லுக்குத் தீட்டு உண்டா? செத்த மாட்டைத் தூக்கினது, பொணத்தைச் சுட்டது, மலத்தை அள்ளினது யார் கை? தேவைப்பட்ட இடத்திலெல்லாம் சாதி இந்து நம்ம கையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். வேலை முடிந்ததும் அதே கையைத் தள்ளி நிறுத்தினான். ஆக, தொடுதலுக்கு ஒரு திசை இருக்கிறது. கீழேயிருந்து மேலே போனால் அதுக்குப் பேரு ஊழியம். மேலேயிருந்து கீழே வரவேண்டும் என்றால் அப்போதுதான் தீட்டு ஞாபகத்துக்கு வருகிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. உடம்பு நீவுகிற தொழில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் இரும்பைக் காலனியில் பிறந்தவள். ஒரு அறை, ஒரு கட்டில், வெந்நீர் வைக்க ஒரு அடுப்பு, நாலு பாட்டில் எண்ணெய், வெளுத்த துணி ஒரு அடுக்கு. வாசலில் ஒரு பலகை: 'உடல் நீவுதல், வாழ்க்கை ஆலோசனை'. கீழே என் பேரு, மணிக்கு இவ்வளவு என்று ரேட்டு. இதுதான் என் தொழில். இந்தச் சின்னப் பலகை இத்தனை பேருக்கு உறுத்துவானேன் என்பதுதான் இங்கே கேள்வி.

எங்க ஊருக்கு ஒரு கதை உண்டு. இரும்பை மாகாளம் சம்பந்தர் பாடின தலம். அங்கே கடுவெளிச் சித்தர் தவம் இருந்தார். தவத்தின் உக்கிரத்தில் மழை நின்றுபோச்சு. அவரை எழுப்ப ராசாவுக்குத் துணிச்சல் இல்லை. வள்ளி என்கிற கோயில் தாசிதான் போனாள். அவர் கையில் தின்னக் கொடுத்துக் கொடுத்து, உடம்பைத் தேற்றி, கண்ணைத் திறக்க வைத்தாள். மழை பெய்தது. கோயில் விழாவில் அவள் ஆடும்போது காற்சலங்கை கழன்று விழுந்தது. சித்தர் குனிந்து எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். ஊரே கைகொட்டிச் சிரித்தது. அவர் கோபத்தில் பாட, லிங்கம் மூணாய் வெடித்தது, பூமி பொட்டலாச்சு. பின்னால் தூரதேசத்திலிருந்து ஆட்கள் வந்து இந்தப் பொட்டலைச் சோலையாக்குவார்கள் என்று சாப விமோசனமும் சொல்லிப் போனார் என்பார்கள். 28.2.1968இல் பக்கத்திலேயே ஆரோவில் தொடங்கிய பிறகு இந்தக் கடைசிப் பகுதிக்கு மவுசு கூடிவிட்டது.

கதையைக் கொஞ்சம் பொறுமையாய்க் கவனியுங்கள். வள்ளி சித்தரைத் தொட்டு ஊட்டியபோது யாரும் சிரிக்கவில்லை. மழை வேண்டுமே! சித்தர் அவள் காலைத் தொட்டபோதுதான் சிரித்தார்கள். மேலேயிருந்து கீழே. நான் சொன்ன திசை இதுதான். சாபத்தையும் வெளிநாட்டாரையும் ஞாபகம் வைத்திருக்கிறவர்கள், சிரித்தது யார் என்று கேட்பதில்லை. சோலை ஆனதைச் சொல்கிறவர்கள், வந்தவர்களோடு சேர்ந்து செம்மண்ணில் குழி வெட்டி, தண்ணி சுமந்து, கன்று நட்ட சுற்றுக் கிராமத்துக் கூலிக் கைகளைச் சொல்வதில்லை. வந்தவங்க உழைக்கல என்று நான் சொல்லல. கூட உழைச்ச கைக்குக் கதையில் இடம் எங்கே என்றுதான் கேட்கிறேன்.

எங்க ஆயா மருத்துவச்சி. ஊருக்கு நாவிதர் வீட்டு மருத்துவச்சி உண்டு. 'மருத்துவர்' என்று பேரு வைத்து, அந்தச் சாதியையும் கீழேதான் உட்கார வைத்திருந்தார்கள். அந்த அம்மா சேரிக்குள் வரமாட்டாள். அதனால் சேரிக்குச் சேரியே மருத்துவச்சி. அடுக்கி வைத்த மூட்டையில் அடிமூட்டைக்கு யாரும் கை கொடுப்பதில்லை. பிள்ளை பெத்தவளுக்கு விளக்கெண்ணெய் தடவி இடுப்பை நீவிவிடுவது, சுளுக்கு எடுப்பது, கல் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பது எல்லாம் ஆயா வேலை. கூலி என்று ஒண்ணும் இல்லை. ஒருபடி கேழ்வரகு, வெத்தலை பாக்கு.

பிறகு நான் காசு கட்டிப் பயிற்சிக்குப் போனேன். அங்கே ஆயா செய்த அதே நீவுதலுக்கு 'எஃப்ளுராஜ்' என்று பேரு. பிசைவதற்கு 'பெட்ரிசாஜ்'. தட்டுவதற்கு 'டாபோட்மான்'. பேரு ஸ்வீடிஷ் மசாஜ், வரிசைப்படுத்தியது 19ஆம் நூற்றாண்டு ஹாலந்து டாக்டர் மெஸ்கர், சொல் பிரெஞ்சு. சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போனால் இதுக்குத் 'தொக்கணம்' என்று பேரு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று ஒன்பது வகை. ஷாம்பூ என்கிற சொல்லே 'அமுக்கு' என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து போனது. 1759இல் பாட்னாவில் பிறந்த ஷேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் குளியலகம் வைத்து, இதே அமுக்கும் வேலையைச் செய்து, நாலாம் ஜார்ஜ் மன்னனுக்கே 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆனார். வேலை ஒண்ணுதான். பிரெஞ்சில் சொன்னால் சர்ட்டிபிகேட், கல்லூரியில் சொன்னால் பட்டம், ராசாவுக்குச் செய்தால் பதவி. ஆயா செய்தால் ஒருபடி கேழ்வரகு.

அந்தப் பயிற்சியில் நடந்ததை எழுதியே ஆகவேண்டும். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. மசாஜ் கற்கும்போது ஒருத்தர் படுக்கணும், ஒருத்தர் கை வைக்கணும், அப்புறம் மாறணும். எட்டுப் பேர். நான் கை வைக்கும்போது எல்லாரும் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டார்கள். 'உன் கையில என்னமோ இருக்கு' என்று ஒரு அம்மா புகழ்ந்தார். நான் படுக்கும் முறை வந்தது. ஒருத்திக்குத் தலைவலி வந்துவிட்டது. இன்னொருத்திக்குப் போன் வந்தது. மறுநாளும் இப்படியே. மூணாவது நாள் ஆசிரியரே வந்து என் முதுகில் செய்து காட்டினார், கையில் உறை மாட்டிக்கொண்டு. மத்த ஏழு முதுகுக்கும் உறை இல்லை. என் கையை வாங்கிக்கொண்டவர்களுக்கு என் முதுகு வேண்டாம். சாதிப் பேரை ஒருத்தரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் என்ன?

சர்ட்டிபிகேட் வாங்கினபிறகு ஒரு நிலையத்தில் வேலை பார்த்தேன். வருகிறவரிடம் மணிக்கு 3,000 ரூபாய். எனக்கு நாளுக்கு 350. நடுவில் உள்ள பணம் எங்கே போச்சு? முன்னறையில் உட்கார்ந்து பேசுகிறவருக்குப் போச்சு. அவர் லைஃப் கோச். தமிழில் வாழ்க்கைப் பயிற்சியாளர் என்கிறார்கள். இந்தத் தொழில் அமெரிக்காவில் 1990களில் உருவானது. தாமஸ் லெனார்ட் 1992இல் இதுக்கு ஒரு பள்ளி தொடங்கினார், 1995இல் சர்வதேசக் கூட்டமைப்பு வந்தது. அதன் முதல் படிச் சான்றிதழுக்கு 100 மணி நேரம் பேசிப் பழகியிருக்க வேண்டும், அடுத்ததுக்கு 500, உச்சிக்கு 2,500. நீவுகிற கட்டிலில் படுத்துக்கொண்டு புருசன் அடிச்சதை, கடன்காரன் வந்ததை, பிள்ளை ஓடிப்போனதைச் சொல்லி அழுதவர்களுக்கு நான் காது கொடுத்த மணி நேரத்தை யார் எண்ணினார்கள்?

நான் தனியாய்ப் போகிறேன் என்றதும் சென்னையிலிருந்து ஒரு அம்மா கூட்டு வியாபாரம் பேச வந்தார். ஆலோசனை அவருடையது, மசாஜ் என்னுடையது. அவருக்கு 70, எனக்கு 30. 'நீங்க பேசினா கிளையன்ட்ஸுக்கு நம்பிக்கை வராதும்மா, நீங்க ஹேண்ட்ஸ் மட்டும் பாத்துக்குங்க' என்றார். மரியாதையாய்த்தான் சொன்னார். கை எங்களுது, வாய் அவங்களுது. கைக்குக் கூலி, வாய்க்குக் கட்டணம். தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் கதையை இதைவிடச் சுத்தமாய் யாரும் மொழிபெயர்க்க முடியாது. 'நன்றிம்மா, எனக்கு வாயும் இருக்குது' என்று சொல்லி அனுப்பினேன்.

அந்த வாய் என்ன பேசுகிறது என்றும் பார்ப்போம். உன்னைத் தடுப்பது உன் மனத்தடை என்கிறது. நீ எதை நினைக்கிறாயோ அதையே ஈர்க்கிறாய் என்கிறது. இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் போன தலித்துகளை அடித்தார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலையே பூட்டி சீல் வைத்தார்கள். அது யாருடைய மனத்தடை? 25.4.2013 அன்று மரக்காணத்தில் எரிந்த தலித் குடிசைகளை எந்த நினைப்பு ஈர்த்தது? முன்ஜென்ம வினை என்று ஐயர் சொன்னதையே இவர்கள் இந்த ஜென்ம மனசு என்று மாற்றிச் சொல்கிறார்கள். குற்றவாளி மட்டும் மாறவே இல்லை. அடிபட்டவனேதான்.

எங்க அறையிலும் ஆலோசனை உண்டு. வந்தவள் சொல்வதைக் கேட்பேன். எது அவள் மனசில் இருக்கிற பாரம், எது அவள் தலையில் ஊர் ஏத்தின பாரம் என்று ரெண்டு பேரும் உட்கார்ந்து பிரிப்போம். முதலாவதுக்குப் பேச்சு, தூக்கம், தேவைன்னா அரசு ஆஸ்பத்திரி மனநல மருத்துவர். ரெண்டாவதுக்கு வெள்ளைப் பேப்பர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதுவோம். மூச்சுப் பயிற்சியும் சொல்லித்தருகிறேன், மனுவுக்கு ரசீது வாங்கவும் சொல்லித்தருகிறேன்.

பலகை மாட்டின மாசமே காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்தது. 'மசாஜா? இன்னா மசாஜு?' என்று ஒரு இளிப்பு. நட்சத்திர ஓட்டலில் இந்த இளிப்பு கிடையாது. 2021 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் ஸ்பாக்களில் கேமரா வைக்கச் சொன்னார். 2022 சனவரியில் மதுரைக் கிளையில் இன்னொரு நீதிபதி, அது அந்தரங்க உரிமையை மீறும் என்றார். அந்தத் தீர்ப்பை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். காக்கிச்சட்டை வந்தால் அதைக் காட்டுகிறேன்.

சுவரில் ஒட்டச் சட்டம் கிடைக்காத இடமும் ஒன்று இருக்கிறது. 'நீங்க எந்தப் பக்கம்மா? எந்தத் தெரு?' என்று கேட்டுவிட்டு, காலனி என்றதும் 'அப்புறம் வரேன்' என்று எழுந்து போகிறார்களே, அது. கடைக்காரன் நம்மை உள்ளே விடலைன்னா குற்றம் என்று 1955லேயே சட்டம் வந்தது. நம்ம கடைக்குள் வாடிக்கையாளன் வரமாட்டேன் என்றால்? கூடிப்பேசிப் புறக்கணித்தால் 2015 திருத்தத்தின்படி வன்கொடுமை. தனித்தனியாய், சிரித்த முகத்தோடு, வராமலே இருந்துவிட்டால் அதுக்குப் பேரு சந்தை. தனியார்மயம் வந்தால் சாதி போய்விடும் என்கிறவர்கள் ஒரு மாசம் என் கல்லாவில் உட்காரட்டும்.

இனி நம்ம தோழர்களிடம் வருகிறேன். 'அடுத்தவன் காலைப் பிடிச்சு விடறது அடிமைத் தொழில், விட்டுட்டு வாங்க தோழர்' என்று ஒருத்தர் சொன்னார். பறை விசயத்திலும் இதே விவாதம் நடந்தது. சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று பறையைக் கீழே வைத்தார்கள். பிறகு எங்கள் கலை என்று மேடையில் தூக்கினார்கள். ரெண்டும் ஒரே கோபத்தின் ரெண்டு பக்கம். வேலை இழிவு இல்லை. அதை யார் தீர்மானித்தார்கள், கூலி என்ன, வேண்டாம் என்று சொல்லும் உரிமை உண்டா என்பதில்தான் இழிவு இருக்கிறது. சாதி வேலையைப் பிரித்ததோடு நிற்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து ஒருவர்மேல் ஒருவராய் அடுக்கியது என்று 1936இல் அண்ணல் விளக்கிவிட்டார். என் பலகையில் ரேட்டு என்னுடையது, பேரு என்னுடையது. குடிச்சிட்டு வந்தவனை, கை நீட்டினவனை வெளியே போடா என்று சொல்லியிருக்கிறேன். ஆயாவால் சொல்ல முடியாத வார்த்தை அது.

நம்ம முன்னோடி ஒருவர் இருக்கிறார். அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) சித்த மருத்துவர். சென்னை ராயப்பேட்டையில் நாடி பிடித்துப் பார்த்த அதே மனிதர்தான் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். நோயாளியின் கையைப் பிடித்தவர் எழுதுகோலையும் பிடித்தார். கைக்கு ஒருத்தன், வாய்க்கு ஒருத்தன் என்று அவர் பிரித்துக்கொடுக்கவில்லை. நாம் ஏன் கொடுக்கவேண்டும்?

ஞாயித்துக்கிழமை வெளியாட்களுக்கு அறை கிடையாது. அன்றைக்கு மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் வருகிறார்கள். உப்புத் தண்ணியில் நின்று நின்று வெடித்த பாதம், வெள்ளை உப்பில் எதிரொளிக்கும் வெயிலில் எரிந்த கண், பலகை போட்டு வாரி வாரி இறுகிப்போன தோள். முடிஞ்சதைக் கொடுப்பார்கள். வாரத்தில் ஆறு நாள் வாங்கும் ரேட்டு இந்த ஏழாம் நாளைத் தாங்குகிறது. முதல் தடவை வருகிறவள் கட்டிலில் படுக்கவே மாட்டாள். தரையில் உட்கார்ந்துகொள்வாள். 'என் காலையா? வேணாம் தாயி, பாவம் வரும்' என்று காலை இழுத்துக்கொள்வாள். அறுபது வயசுவரை அவள் காலை யாரும் பிடித்ததில்லை. புருசன் பிடித்ததில்லை, மகன் பிடித்ததில்லை.

ஆகவே அடிமைத் தொழில் என்று சொன்ன தோழருக்கு ஒரு கேள்வி. உங்க அம்மா காலை எப்பவாவது பிடிச்சு விட்டிருக்கீங்களா? கழனியிலோ உப்பளத்திலோ வெந்து வந்த உங்க பொண்டாட்டி காலை? இல்லைன்னா உங்க வீட்டுக்குள்ளேயும் தொடுதலுக்கு ஒரு திசை இருக்கிறது. அதைத் திருப்பிவிட்டு வாங்க. என் பலகையைக் கழற்றுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.