42-ஆம் வினாவை மட்டும் மாற்றிக் கேளுங்கள்

அரசுத் தேர்வுகள் இயக்குநர் அவர்களுக்கு,

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் பட்டதாரி ஆசிரியர் எழுதும் மடல் இது. வினாத்தாள் கடினம் என்றும், பாடத்துக்கு வெளியே கேட்டுவிட்டார்கள் என்றும் ஆண்டுதோறும் உங்களுக்கு மனுக்கள் வரும். இது அந்த வகை இல்லை. நூறு மதிப்பெண் தாளில் ஐந்தே மதிப்பெண் பெறும் ஒரு கேள்வியைப் பற்றித்தான் பேச வந்தேன்.

முதலில் ஒரு கணக்கு. தரையில் ஓரிடத்தில் நின்று பார்த்தால் கோபுர உச்சியின் ஏற்றக்கோணம் 30 பாகை. கோபுரத்தை நோக்கி நேராக 40 மீட்டர் நடந்தால் 60 பாகை. உயரம் என்ன? முக்கோணவியலில் எண்களை மாற்றி மாற்றிக் கேட்கப்படும் கணக்குதான். உயரத்துக்கு ஒரு மாறி, மீதித் தூரத்துக்கு ஒரு மாறி, டேன் 30, டேன் 60 என்று இரண்டு சமன்பாடுகள். பிரதியிட்டால் மீதித் தூரம் 20 மீட்டர், உயரம் 20√3, அதாவது 34.64 மீட்டர். அரைப் பக்கம் பிடிக்கும். வகுப்பே இப்படித்தான் செய்யும்.

ஒரு திருப்புதல் தேர்வில் ஒரு மாணவி வேறு மாதிரி போட்டிருந்தாள். நின்ற இரண்டு இடங்களும் கோபுர உச்சியும் சேர்ந்து ஒரு முக்கோணம்; 60 பாகை அதற்கு வெளிக்கோணம். உள்ளெதிர்க் கோணங்களில் ஒன்று 30 என்றால் உச்சியில் இருப்பதும் 30. இரு கோணங்கள் சமம், ஆகவே இருசமபக்க முக்கோணம். அப்படியானால் இரண்டாவது இடத்திலிருந்து உச்சிக்குச் சாய்வாக இருக்கும் தூரமும் 40 மீட்டர். சைன் 60-ஆல் பெருக்கினால் 34.64. நான்கே வரி, மாறி என்ற பேச்சே இல்லை. ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 'சமன்பாடு எங்கே?' என்று எழுதியிருந்தது.

திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன். சரியான மாற்று வழிக்கு மதிப்பெண் தரலாம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டுக்கட்டாகத் தாள் முன்னால் இருக்கும்போது, விடைக்குறிப்பில் இல்லாத வழியைக் கண்டால் கை தயங்கும். அந்த மாணவியோ அடுத்த தேர்விலிருந்து டேன் போடப் பழகிக்கொள்வாள்.

அவள் செய்தது சிறிய காரியம் இல்லை. நம் பாடநூலில் எட்டு இயல்கள். இயற்கணிதம் ஒரு பக்கம், வடிவியல் ஒரு பக்கம், முக்கோணவியல் ஒரு பக்கம். எந்த இயலின் பயிற்சியில் கணக்கு இருக்கிறதோ, அந்த இயலின் சூத்திரத்தைத்தான் பிள்ளைகள் எடுப்பார்கள். போதாக்குறைக்கு, 'வர்க்கப் பூர்த்தி முறையில் தீர்க்க' என்று வழியையும் கேள்வியே சொல்லிவிடுகிறது. விளைவைப் பாருங்கள். ஓர் எண்ணிலிருந்து 3-ஐக் கழித்து வர்க்கப்படுத்தினால் 16 வருகிறது என்று சமன்பாடு கொடுத்தால், 4 அல்லது கழித்தல் 4 என்று வர்க்கமூலம் எடுத்தாலே 7, –1 என்று விடை வந்துவிடும். நன்றாகப் படிக்கும் பிள்ளைகூட அதை விரித்து, இருபடிச் சமன்பாடாக்கி, சூத்திரத்தில் போட்டு, அதே விடைக்கு வந்து சேர்கிறது. ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை 1945-இல் கணக்குத் தீர்ப்பதைப் பற்றி எழுதிய சிறு நூலில், விடை கிடைத்தபின் திரும்பிப் பார்ப்பதையே ஒரு தனிப் படியாக வைத்தார். நம் வகுப்பில் விடையைச் சுற்றிக் கட்டம் போட்டதும் கணக்கு முடிந்தது.

இனி என் கோரிக்கை. இப்போதைய அமைப்பில் 42-ஆம் வினா கட்டாய வினா, ஐந்து மதிப்பெண். அதை இப்படிக் கேளுங்கள்: 'இக்கணக்கை இரு வழிகளில் தீர்க்க. எது எளிது? காரணம் கூறுக.' வழிக்கு இரண்டிரண்டு மதிப்பெண், காரணத்துக்கு ஒன்று. இரண்டு வழிகளும் ஒரே இயலைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.

தேர்ச்சி விகிதம் குறையும் என்று சொல்வார்கள். மெல்லக் கற்கும் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுபவன் என்ற முறையில் சொல்கிறேன், குறையாது. தேர்ச்சிக்கு வேண்டியது 35. செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்து 16 மதிப்பெண் தருகின்றன. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. அந்தப் பிள்ளைகளை நாங்கள் கரையேற்றுவது இவற்றை வைத்துத்தான். அவற்றில் நீங்கள் கை வைக்க வேண்டியதில்லை. தவிர, ஒரே ஒரு வழியில் சரியாகச் செய்தவருக்கும் இரண்டு மதிப்பெண் உண்டு.

சுற்றறிக்கையோ பயிற்சி முகாமோ வேண்டாம். மாதிரி வினாத்தாள் ஒன்றில் இப்படி ஒரு கேள்வியை வெளியிடுங்கள், போதும். மறுநாளே எல்லாப் பள்ளிகளிலும் இரண்டாவது வழியைத் தேடத் தொடங்கிவிடுவோம். தேர்வில் வருவதைத்தான் நாங்கள் நடத்துகிறோம்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்