புரோநோட்டுக்கு வக்கீல் எதற்கு?

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம். செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் விழா, அன்றே கொடியிறக்கம். இந்தப் பதினோரு நாள் வியாபாரத்தை நம்பித்தான் கடைத்தெருவில் பலருக்கு வருஷமே ஓடுகிறது. மெழுகுவர்த்தி, ஜெபமாலை, சுரூபம் என்று எல்லாச் சரக்கையும் முன்கூட்டியே வாங்கிப் போட வேண்டும். கையில் காசு இல்லாதவர் வட்டிக்கு வாங்குகிறார். அதற்கு ஒரு புரோநோட்டு. அச்சடித்த ஃபாரம் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி அதன் மேல் ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது! இதற்குப் போய் நாகப்பட்டினம் வரை பஸ் ஏறி வக்கீலுக்கு ஃபீஸ் கொடுப்பானேன்?

நியாயமான கேள்விதான். அவசரத்துக்குப் பத்தாயிரம் கைமாற்று வாங்க வக்கீல் வேண்டியதில்லை. ஆனால் வியாபாரத்துக்கென்று லட்சக்கணக்கில் வாங்கும்போது அந்த ஃபீஸை மிச்சம் பிடிப்பது சிக்கனம் இல்லை, சூதாட்டம்.

செக் பவுன்ஸ் வழக்கெல்லாம் வருகிறதே, அதே 1881ஆம் வருஷத்துச் செலாவணி முறிச் சட்டத்தில்தான் புரோநோட்டும் வருகிறது. அதன் 4வது பிரிவுப்படி நிபந்தனை ஏதும் இல்லாமல், இன்ன தொகையை, இன்னாருக்குத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது புரோநோட்டு. எது புரோநோட்டு இல்லை என்பதற்குச் சட்டமே உதாரணமும் தருகிறது. கல்யாணம் முடிந்து ஏழாம் நாள் பணம் தருகிறேன் என்று எழுதினால் செல்லாது. பணத்தோடு என் கறுப்புக் குதிரையையும் தருகிறேன் என்றாலும் செல்லாது. (குதிரை வைத்திருந்த காலத்துச் சட்டம், என்ன செய்வது!)

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் "திருவிழாச் சரக்கு விற்றதும் தருகிறேன்" என்று எழுதுவதும் அதே குதிரைதான். சரக்கு விற்குமா என்பது யாருக்கும் தெரியாது. அது நிபந்தனை. "கொடியிறங்கி ஒரு வாரத்தில் தருகிறேன்" என்றால் கதை வேறு. கட்டாயம் நடக்கப்போகிற ஒன்றைக் கெடுவாக வைப்பதை 5வது பிரிவு நிபந்தனையாக எடுத்துக்கொள்வதில்லை. இரண்டு வாக்கியத்துக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் 2020ஐ நினைத்துப் பார்க்கலாம். கொரோனாவால் அந்த வருஷம் பக்தர்கள் இல்லாமலே விழா நடந்தது. கொடி ஏறியது, இறங்கியது. சரக்கு வாங்க ஆள் இல்லை. முதல் வாக்கியம் எழுதியிருந்தால் கடன் கொடுத்தவர் கையில் இருப்பது புரோநோட்டே இல்லை. இரண்டாவது என்றால் விற்காத சரக்கை வைத்துக்கொண்டு கடைக்காரர் பணத்துக்கு அலைய வேண்டும். இரண்டில் எது என்று பணம் கைமாறும் முன்பே பேசித் தீர்க்க வேண்டாமா?

கெடு வைத்து எழுதினால் இன்னொரு தொல்லை. ஸ்டாம்ப் கட்டணம் தொகைக்குத் தக்கபடி ஏறும், ஒரு ரூபாய் ஸ்டாம்ப் போதாமல் போகலாம். ஸ்டாம்ப் குறைந்த புரோநோட்டை, மற்ற பத்திரங்கள் போல அபராதம் கட்டிச் சரிசெய்து கோர்ட்டில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. அதனால் "கேட்கும்போது தருகிறேன்" என்று புரோநோட்டை எழுதிவிட்டு, தவணை, விழா நின்றுபோனால் கூடுதல் அவகாசம் போன்றவற்றைத் தனி ஒப்பந்தமாக எழுதிக்கொள்வதே நல்லது. அந்த ஒப்பந்தம் இல்லாவிட்டால் மறுநாளே "கேட்கிறேன்" என்று வந்து நிற்க அவருக்கு உரிமை உண்டு. லாட்ஜை அண்ணன் தம்பி சேர்ந்து நடத்த, கையெழுத்தை அண்ணன் மட்டும் தன் பெயரில் போட்டால் கடன் யாருடையது என்ற சண்டை தனி.

இதைவிட மோசம், ஒன்றும் எழுதாத ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. இப்படி ஏன் கேட்கிறார்கள்? "கேட்கும்போது" என்ற நோட்டுக்கு வழக்குப் போட மூன்று வருஷம்தான் கெடு. அதுவும் கேட்ட நாளிலிருந்து இல்லை, நோட்டின் தேதியிலிருந்து. தேதி காலியாக இருந்தால் கவலையே இல்லை பாருங்கள்! ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்தான வெற்றுத் தாளைப் பூர்த்தி செய்துகொள்ள, வைத்திருப்பவருக்கு அதிகாரம் உண்டு என்றே 20வது பிரிவு எடுத்துக்கொள்கிறது. பணம் கைமாறியது என்றே 118வது பிரிவு அனுமானிக்கும். இல்லை என்று காட்டுகிற பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில். நம்பிக்கையின் பேரில் கொடுத்தேன் என்று பிறகு சொல்வது லேசு, நிரூபிப்பது?

இதில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. கடன் கொடுப்பவர் கூட்டி வரும் வக்கீல் அவருடைய வக்கீல். வாங்குபவர் தனக்கென்று ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவதுதான் சரி. அதற்கு ஆகும் செலவு இரண்டு மூன்று மாத வட்டியைத் தாண்டினால் ஆச்சரியம்.

பெரியபுராணத்தில் சுந்தரர் கல்யாணப் பந்தலில் கிழவரின் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அது படிதான். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளியே வருகிறது, தாத்தாவின் கையெழுத்தோடு ஒத்துப் பார்க்கிறார்கள், வழக்கில் தோற்றுப்போகிறார். கடனைக் கட்டி முடித்த அன்று கேட்டு வாங்க வேண்டியதும் அந்த மூலத்தாளைத்தான். ஜெராக்ஸைக் கிழித்துக் காட்டினால் விட்டுவிடக் கூடாது.