காலம் நிற்கவில்லை, சனம்தான் போனது

“காலம் உறைந்துபோன ஊர்.” இத்தாலியின் மலையூர்களைப் பற்றித் தமிழில் வருகிற எந்த வீடியோவை எடுத்தாலும் மூன்றாவது நிமிசத்துக்குள்ள இந்த வசனம் வந்துவிடும். பின்னுக்கு ஒரு பியானோ. யன்னலில் சிவப்புப் பூச்சாடி. ஒரு வயதான மனுசி வாசல்படியில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருப்பா. அவவிடம் கேட்காமலே எடுத்திருப்பார்கள். நானும் போகமுதல் உந்த வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டவன்தான். ஆனபடியால் மேட்டில் ஏறி நின்று இதை எழுதவில்லை. ஆனால் அந்த வசனம் பொய். கொஞ்சம் கூட்டிச் சொன்னது, கவிதையாகச் சொன்னது எண்டெல்லாம் விடேலாது. பொய்.

அங்க காலம் ஒரு நாளும் நிற்கவில்லை. சனம் போனது. போன சனத்தின் வீடுகள் மிஞ்சின. அந்த வீடுகளில் இரண்டு இரவு படுத்து எழும்பிவிட்டு, அந்த வெறுமைக்கு ‘அமைதி’ எண்டு பெயர் வைத்து ஐந்து நட்சத்திரம் குடுக்கிறோம்.

நான் தங்கினது லாற்சியோ பிராந்தியத்தின் வடக்கில், பாஞோரேஜோ என்ற சின்ன ஊரில், மூன்றே மூன்று அறை கொண்ட ஒரு பெட் அன்ட் பிரேக்ஃபாஸ்ற்றில். தெரிவு செய்ததற்கு ரசனை காரணமில்லை, விசாதான் காரணம். எங்கட பாஸ்போட்டோட ஷெங்கன் விசாவுக்குப் போனால் எந்த இரவு எங்க படுப்பாய் எண்டதுக்குக் கடதாசி காட்டவேணும். பலெர்மோவில் ஒன்றுவிட்ட அண்ணா குடும்பத்தோட இருக்கிறார். அங்க நிற்கிற நாட்களுக்கு அவரின் கடிதம் இருந்தது. மிச்ச இரவுகளுக்குப் பதிவு வேணும். தேடினதில் மலிவாகக் கிடைத்தது அந்த அறை. ஒர்வியேற்றோ ஸ்ரேசனில் இறங்கி, பஸ் எடுத்து, பெட்டியை இழுத்துக்கொண்டு கல்லுத் தெருவில் நடந்து, அதுக்குப் பிறகு நாற்பத்தொரு படி. எண்ணினனான்.

வீட்டுக்காரி எழுபது தாண்டின, ஓய்வுபெற்ற ரீச்சர். கீழ்த்தட்டில் அவ, மேல்தட்டில் நாங்கள். இத்தாலியில் இந்த வகை விடுதியின் அடிப்படையே அதுதான்: குடியிருக்கிற ஆள் தன்ர வீட்டில் சில அறைகளை விடுகிறது. பல பிராந்தியங்களில் எத்தனை அறை எண்டதுக்கும் எல்லை இருக்கு. போன உடனே என்ர பாஸ்போட்டை வாங்கி, கண்ணாடி போட்டு, பெயரை ஒவ்வொரு எழுத்தாகக் கணினியில் தட்டினா. எங்கட பெயர்களின் நீளத்துக்கு அது லேசான வேலை இல்லை. தங்க வருகிற ஆளின் விபரம் இருபத்திநாலு மணித்தியாலத்துக்குள் பொலிசுக்குப் போகவேணும். 1931இல், முசோலினி காலத்தில் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டத்தின் தொடர்ச்சி அது. எனக்கு உள்ளுக்குள்ள ஏதோ இறுகினது. அறை, பதிவு, பொலிஸ் எண்ட மூன்றும் சேர்ந்து வந்தால் எங்கட வீடுகளில் வேற ஞாபகம் வரும்: 2007 ஜூன், கொழும்பு லொட்ஜ்களில் நின்ற தமிழரை எழுப்பிப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பின நாள். அவவுக்கு அது தெரிய ஞாயமில்லை. தட்டி முடித்து, பாஸ்போட்டை இரண்டு கையாலும் திருப்பித் தந்து, கோப்பி போடட்டோ எண்டு கேட்டா.

காலைச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வழக்குப் பேசவேணும். அந்த வீட்டுக்கு நட்சத்திரம் குறைத்திருந்த ஒருவரின் முறைப்பாடு இது: எல்லாம் பைக்கற்றில் வருகுதாம், ‘உண்மையான இத்தாலிய வீட்டுச் சாப்பாடு’ இல்லையாம். முதலாவது, இத்தாலியர் காலையில் முட்டையும் சொசேஜும் அடுக்கிச் சாப்பிடுகிற ஆக்கள் இல்லை. ஒரு கோப்பி, ஒரு இனிப்புப் பணிஸ், அல்லது ரஸ்க்கில் ஜாம், அவ்வளவுதான். இரண்டாவது, சில பிராந்தியங்களில் இந்த மாதிரிச் சின்ன வீடுகள் சமைத்துப் பரிமாற விதி இடம் குடாது. பொதி செய்த சாமான்தான் வைக்கலாம். சட்டத்துக்குப் பயந்து நடந்த ஒரு கிழவிக்கு, சட்டம் தெரியாத ஒருவன் குறைத்த நட்சத்திரம் அது. மூன்றாம் நாள் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கவைத்தே, தான் காய்ச்சின அத்திப்பழ ஜாமை ஒரு கரண்டியில் தந்தா. மேசைக்கு அது வரவே இல்லை.

இனிச் சிவிற்றாவுக்கு வருவம். பாஞோரேஜோவுக்கு ஆக்கள் வருகிறதே அதைப் பார்க்கத்தான். எற்றுஸ்கர் காலத்து ஊர். எரிமலைக் கல் மேலே, களிமண் கீழே. களியை மழை அரிக்க அரிக்க மேலே இருக்கிற பாறை துண்டு துண்டாக உடைந்து பள்ளத்துக்குள் விழும். 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஊர் நிர்வாகமும் ஆயரும் இந்தப் பக்கம், பாஞோரேஜோவுக்கு மாறினார்கள். புனித பொனவெந்தூரா பிறந்த வீடு எப்பவோ பள்ளத்துக்குள் போயிட்டுது. இப்ப அங்க போக ஒரு நடைபாலம்தான் வழி, 1965இல் கட்டினது. ஊருக்குள் நிரந்தரமாக இருக்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். பார்க்க வருகிற சனம் ஆண்டுக்கு இலட்சக்கணக்கில். பாஞோரேஜோவில் பிறந்த பொனவெந்தூரா தெக்கி என்ற எழுத்தாளர் அதைச் ‘செத்துக்கொண்டிருக்கிற ஊர்’ எண்டு சொன்னார். அவருக்கு அது துக்கம். இப்ப அது விளம்பரம். 2013இல் ஒன்றரை யூரோ நுழைவுக் கட்டணம் தொடங்கினது, பிறகு ஐந்து யூரோ வரை ஏறினது.

ரிக்கற் போட்டதை நான் பிழை சொல்லவரேல்லை. பாறையைத் தாங்கிப்பிடிக்கக் காசு வேணும். எனக்குக் கோபம் வந்தது பாலத்தில் எனக்கு முன்னால் போன ஒருத்தர் போனுக்குள்ள சொன்ன வசனத்தில்தான்: இன்னும் யாரும் கெடுக்காத ஊர். பின்னால் இருநூறு பேர் வரிசையில் வருகினம்.

சரி, அந்த அழகு எங்கயிருந்து வந்தது? சைப்ரஸ் மரம், தனிக் கல்வீடு, மடிப்பு மடிப்பான வயல் எண்டு படத்துக்குப் படம் வருகிற அந்தக் காட்சியை உண்டாக்கினது மெத்சாத்ரியா. டஸ்கனி, உம்பிரியா, மார்க்கே எங்கும் நூற்றாண்டுக்கணக்கில் இருந்த வாரமுறை. நிலம் துரையின்ர, உழைப்பு குடும்பத்தின்ர, விளைச்சலில் பாதி துரைக்கு. புதிதாக அப்படி ஒப்பந்தம் எழுதக்கூடாது எண்டு 1964இல்தான் சட்டம் வந்தது. அதுக்கு முதலே பெடியள் பட்டணத்துக்கு, தொழிற்சாலைக்கு எண்டு இறங்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன கல்வீடுகளைத்தான் பிறகு இங்கிலாந்துக்காரரும் ஜெர்மன்காரரும் வாங்கினார்கள். 1996இல் பிரான்சிஸ் மேஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் கோர்த்தோனாவில் கைவிடப்பட்ட ஒரு வீட்டை வாங்கித் திருத்தின கதையைப் புத்தகமாக்கினார். 2003இல் படமும் வந்தது. அதுக்குப் பிறகு உலகத்தில் மனம் உடைந்த ஆக்களுக்கெல்லாம் டஸ்கனி ஒரு மருந்து. அந்த வீடுகள் ஏன் கைவிடப்பட்டன எண்ட கேள்வி மட்டும் மருந்துச்சீட்டில் இல்லை.

1946இல் இத்தாலி அரசு பெல்ஜியத்தோட ஒரு ஒப்பந்தம் போட்டது: ஆக்களை நாங்கள் அனுப்புறம், நிலக்கரியை நீங்கள் அனுப்புங்கோ. அப்படியே எழுதாவிட்டாலும் சாரம் அதுதான். 1956 ஓகஸ்ட் 8, மார்சினெல் சுரங்கத்தில் தீ. 262 பேர் செத்தார்கள், அதில் 136 பேர் இத்தாலியர். அப்ருற்சோவில் மனோப்பெல்லோ என்ற ஒரு மலையூரில் இருந்து போன பலர் அந்தக் கணக்குக்குள் இருக்கினம். அந்தப் பக்கத்து ஊர் ஒன்றில் பூட்டின வீட்டைப் பார்த்து ‘காலம் உறைந்துபோச்சு’ எண்டு சொல்ல உங்களுக்கு வாய் வருமோ?

தெற்கில் மத்தேராவில் இதைவிட மோசம். பாறைக் குகைகளுக்குள் குடும்பமும் கழுதையும் கோழியும் ஒரே அறையில். மலேரியா. ‘தேசிய அவமானம்’ எண்டு அரசியல்வாதிகள் பேசி, 1952இல் சட்டம் போட்டு, பதினையாயிரம் பேரளவில் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1993இல் யுனெஸ்கோ பட்டியல். 2019இல் ஐரோப்பியக் கலாசாரத் தலைநகரம். இப்ப அதே குகைகளில் மெழுகுதிரி வைத்துக் கட்டில் போட்டு விடுகிறார்கள். வறுமையாக இருக்கேக்க அவமானம், வாடகைக்கு விடேக்க பாரம்பரியம்.

இதை வாசிக்கிற நீங்கள் இப்ப கேட்பீங்கள்: அப்ப போகவே கூடாதோ? உந்தக் கேள்வியை நான் அந்த ரீச்சரிடமே கேட்டனான். எனக்கு இத்தாலியன் பத்துச் சொல், அவவுக்கு ஆங்கிலம் ஐம்பது சொல், மிச்சம் போன் மொழிபெயர்த்தது. அவவுக்குச் சிரிப்பு. நீங்கள் வராவிட்டால் பஸ்ஸைக் குறைப்பான், பஸ் குறைஞ்சால் பார்மசி எத்தனை நாளைக்கு, எண்டா. தன்ர பென்சன் தனக்குக் காணும், கூரை திருத்தக் காணாது. கூரையை நீங்கள்தான் தாங்கிறீங்கள் எண்டு மேலே கையைக் காட்டினா. நான் படுத்த அறை அவவின் தம்பியின்ர. 1961இல் கட்டடவேலைக்கு ரோமுக்குப் போனவர், பிறகு வந்ததெல்லாம் பண்டிகைக்குத்தான். மேசை லாச்சிக்குள் அவரின் கவராயம் இன்னும் கிடக்கு.

அதோட இன்னொண்டும் சொன்னா. அவவின் பெறாமகன் விற்றெர்போவில் ஆஸ்பத்திரி வேலை. ஊரில் வாடகைக்கு ஒரு வீடு தேடித் தேடிக் களைத்துப்போனானாம். ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடக்கு, ஆனால் வருசக் கணக்கில் குடியிருக்கத் தர ஒருத்தருமில்லை. ஒரு மாத வாடகையை நாலு வார இறுதியில் எடுக்கலாமெண்டால் ஆர் தருவான்? அவவின் வீட்டுக்கு எதிரே இருக்கிற வீட்டுக் கம்பியில் நம்பர் பூட்டுப் போட்ட சின்னத் திறப்புப் பெட்டி தொங்கினது. வீட்டுக்காரர் வேற நகரத்தில். ஆக்கள் வருவினம், இலக்கம் அமத்துவினம், திறப்பு எடுப்பினம், போவினம். ஒரு மனிசரோடயும் கதைக்கத் தேவையில்லை.

எனக்குச் சண்டை அந்தப் பெட்டியோடதான். இணையத்தளத்தில் இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே மாதிரிப் படத்தோட வரும். ஆனால் ஒண்டில் இரவில் லைற் எரியும், தண்ணிக்குழாய் உடைந்தால் கத்த ஒரு ஆள் இருக்கும், அந்த ஆளின் பெயர் ஊர் வாக்காளர் இடாப்பில் இருக்கும். மற்றது இன்னொரு பூட்டின வீடு, சனிக்கிழமையில் மட்டும் திறக்கும். 2024 நவம்பரில் இத்தாலி உள்துறை அமைச்சு, தங்க வருகிறவரை நேரில் பார்த்து உறுதிப்படுத்தவேணும் எண்டு சுற்றறிக்கை விட்டது, வழக்குகளும் வந்தன. அமைச்சின் கவலை பாதுகாப்பு. அவன் அதை என்ன காரணத்துக்கு வேணுமெண்டாலும் செய்யட்டும், ஒரு மனிசர் கதவைத் திறக்கவேணும் எண்டதில் நான் அவன்ர பக்கம். 2025 ஜனவரி முதல் வாடகைக்கு விடுகிற ஒவ்வொரு இடமும் ஒரு தேசிய அடையாள இலக்கத்தை வாசலிலும் விளம்பரத்திலும் காட்டவேணும். பதிவு செய்யமுதல் அது இருக்கோ எண்டு பாருங்கோ. விருந்து குடுக்கிற ஆள் அதே கட்டடத்தில் இருக்கிறாரோ எண்டு எழுதிக் கேளுங்கோ. ஐந்து யூரோ கூடினாலும் அங்க போங்கோ.

வெறும் வீடு யாருக்கு எண்டதுதான் இதில் பெரிய கேள்வி. சிசிலியில், மற்ற இடங்களில் ஒரு யூரோவுக்கு வீடு எண்டு உலகம் முழுக்கச் செய்தி போனது உங்களுக்குத் தெரியும். சில வருசத்துக்குள் திருத்தவேணும், வைப்புப்பணம் கட்டவேணும், அதனால் காசுள்ள ஆளுக்குத்தான் அந்த ஒரு யூரோ. கலாப்ரியாவில் ரியாச்சே என்ற மலையூர் வேற விதமாக யோசித்தது. 1998இல் கரைக்கு வந்த படகு ஒண்டில் இருந்து குர்திஷ் சனம் இறங்கினது. ஊரில் வீடுகள் வெறுமையாகக் கிடக்கு, இருக்கட்டும் எண்டார்கள். 2004இல் மேயரான டொமெனிக்கோ லுக்கானோ அதை ஊரின் வேலைத்திட்டமாக்கினார்: அகதிகளுக்குப் பூட்டின வீடு, பட்டறை, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள். 2018இல் அவரைக் கைது செய்தார்கள். 2021இல் பதின்மூன்று வருசம் இரண்டு மாதம் சிறை எண்டு தீர்ப்பு. 2023இல் மேன்முறையீட்டில் அது ஒன்றரை வருச ஒத்திவைத்த தண்டனையாகச் சுருங்கினது.

பலெர்மோவில் இதை அண்ணாவுக்குச் சொன்னன். அவர் அங்க இருபது வருசம், ஒரு வயதான சோடியைப் பராமரிக்கிற வேலை. வீடியோக்களில் வருகிற அந்தக் கிழவிகளைக் குளிப்பாட்டுறது ஆர் எண்டு நினைக்கிறாய் எண்டு கேட்டார். பிறகு கதையை மாற்றிப்போட்டார்.

வெளிக்கிடேக்க ரீச்சர் ஒரு உதவி கேட்டா. இணையத்தில் ஏதும் எழுதினால், படி நாற்பத்தொண்டு எண்டு கட்டாயம் எழுதச் சொன்னா. பெரிய பெட்டியோட வருகிற ஆக்கள் ஏலாமல் நிற்க, தான் போய்த் தூக்கவேண்டி இருக்காம், முழங்கால் விடுகுதில்லையாம். எழுதினேன். முதல் வரியே அதுதான்.